மலையடிவாரச் சாலைகளில் மதுவின் கணக்கு: சித்தூர், திருப்பதியில் குடிபோதை வாகன ஓட்டம் விட்டுச்செல்லும் விளைவுகள்

திருப்பதி: திருப்பதியிலிருந்து காளஹஸ்திக்குச் செல்லும் சாலையில் உள்ளது ஏர்ப்பேடு. 2017 ஏப்ரல் 21 அன்று அங்குள்ள காவல் நிலையத்தின் முன் முனகலபாளையம் கிராமத்தினர் திரண்டிருந்தனர். சொர்ணமுகி ஆற்றில் நடைபெற்றுவந்த மணல் கொள்ளையைத் தடுக்கக் கோரி வந்தவர்கள் அவர்கள். அவ்வழியே வந்த லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, மின்கம்பத்தையும் சாலையோரக் கடைகளையும் இடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தது. சக்கரங்களில் சிக்கியவர்களும் மின்சாரம் தாக்கியவர்களுமாகச் சுமார் 15 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் உழவர்கள்.

லாரி ஓட்டுநர் மது அருந்தியிருந்தார் என்று அன்றே செய்திகள் வெளியாயின. மறுபுறம், மணல் கொள்ளையை எதிர்த்தவர்கள் மீதே லாரி பாய்ந்ததால் இது திட்டமிட்ட செயலோ என்ற ஐயமும் எழுந்தது. ஒரே நிகழ்வு, அது சதியா, விபத்தா, குடிபோதையில் நேர்ந்த குற்றமா என்ற மூன்று கேள்விகள். ஓட்டுநரின் இரத்தத்தில் மது இருந்ததா, இருந்தால் எவ்வளவு என்பது இத்தகைய வழக்குகளில் ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகும் செய்தி அன்று. இறந்தவர்களின் குடும்பத்துக்கு என்ன நீதி கிடைக்கும், யார் இழப்பீடு தருவார், குற்றவாளி எத்தனை ஆண்டு சிறையில் இருப்பார் என்பதையெல்லாம் அந்த எண்ணே தீர்மானிக்கிறது.

ஏர்ப்பேடு அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி தனி மாவட்டமாகி, ஏர்ப்பேடு அதில் சேர்ந்தது. மாவட்ட எல்லை மாறியதே தவிர, இவ்விரு மாவட்டங்களின் சாலைகளில் ஓடும் வாகனங்களும் அவற்றை ஓட்டுவோரின் வாழ்க்கைமுறையும் அப்படியே உள்ளன.

சின்னடேகூரு சொல்லும் செய்தி

குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர் தன்னையே கெடுத்துக்கொள்கிறார், அதிகம் போனால் எதிரில் வருபவரை இடிக்கிறார் என்பதே பொதுவான எண்ணம். இருசக்கர வாகன ஓட்டிகள் விஷயத்தில் இந்த எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்துள்ளது. 2025 அக்டோபர் 24 அதிகாலை கர்நூல் மாவட்டம் சின்னடேகூரு அருகே நடந்தது அதைப் பொய்யாக்கியது.

ஹைதராபாத்திலிருந்து பெங்களூருக்குச் சென்ற தனியார் படுக்கை வசதிப் பேருந்து ஒன்று, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் விழுந்து கிடந்த இருசக்கர வாகனத்தின் மீது ஏறி, அதைத் தன் அடியில் இழுத்துச் சென்றது. தீப்பொறி எழுந்து பேருந்து முழுவதும் எரிந்தது. உறக்கத்தில் இருந்த பயணிகளில் 19 பேர் வெளியேற முடியாமல் மாண்டனர். விசாரணையில் தெரியவந்த வரிசை இதுதான்: பேருந்து வருவதற்கு முன்பே அந்த இருசக்கர வாகனம் சறுக்கி விழுந்துவிட்டது; ஓட்டியவர் அங்கேயே இறந்துவிட்டார்; பின்னால் அமர்ந்திருந்தவர் உயிர் தப்பினார்; வாகனம் மட்டும் இருட்டில் சாலையின் நடுவே கிடந்தது. இருவரும் மது அருந்தியிருந்ததைத் தடய அறிவியல் ஆய்வு உறுதிப்படுத்தியது. சற்று முன்பு ஒரு பெட்ரோல் நிலையத்தில் அந்த வாகனம் தள்ளாடியபடி புறப்பட்ட காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது.

பேருந்தின் அமைப்பு, அவசர வழி, ஏற்றப்பட்டிருந்த சரக்கு ஆகியவை பற்றியும் கேள்விகள் எழுந்தன, எழ வேண்டியவையே. 19 உயிர்களுக்கும் மதுவை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது. ஆயினும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி மதுதான். அதை அறுத்திருந்தால் மற்றவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்க வாய்ப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. அன்று பேருந்து வராமல், விழுந்தவர் மட்டும் இறந்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்? பெரும்பாலும் ‘வாகனம் சறுக்கி விழுந்து பலி’ என்ற ஒற்றை வரி. உள்ளுறுப்புகள் ஆய்வுக்குச் சென்றிருக்கலாம், செல்லாமலும் இருந்திருக்கலாம். 19 பேர் இறந்ததால்தான் அந்த ஒருவரின் இரத்தத்தில் இருந்த மது நாட்டுக்குத் தெரியவந்தது.

எண்களுக்குள் அகப்படாதவை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் அந்த ஆண்டு 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவற்றில் குடிபோதையால் நேர்ந்தவை என வகைப்படுத்தப்பட்டவை 10,080 விபத்துகள், 4,201 மரணங்கள். அதாவது மொத்த மரணங்களில் சுமார் 2.5 விழுக்காடு. அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டவை 70 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்த 2.5 விழுக்காட்டைக் காட்டி, மது ஒரு பெரிய சிக்கலே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. உலக நாடுகளில் பதிவாகும் விகிதமோ 5 முதல் 35 விழுக்காடு வரை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மாலை நேரங்களில் மதுக்கடை வாசல்களில் நிற்கும் இருசக்கர வாகனங்களைப் பார்த்த எவரும், இந்தியா அந்தப் பட்டியலின் அடிமட்டத்துக்கும் கீழே நிற்கிறது என்பதை நம்பத் தயங்குவர்.

குறைவான பதிவுக்குக் காரணம் மறைப்பு அன்று, நடைமுறைதான். ஒரு விபத்துக்கு ஒரு காரணம் என்ற முறையில் பதிவு நடக்கிறது. குடித்தவர் வேகமாக ஓட்டுகிறார். அது ‘அதிவேகம்’ ஆகிறது. குடித்தவர் எதிர்த் திசையில் வருகிறார். அது ‘தவறான பாதையில் பயணம்’ ஆகிறது. காயமடைந்தவர் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனைக்கோ, சித்தூரிலிருந்து வேலூருக்கோ கொண்டுசெல்லப்படும்போது மருத்துவர்களின் முதல் கவலை உயிரைக் காப்பது. இரத்தத்தில் மது எவ்வளவு என்று அளப்பது அன்று. சில மணி நேரம் கழித்து எடுக்கும் மாதிரியில் அளவு இறங்கியிருக்கும். ‘மது வாசனை இருந்தது’ என்ற மருத்துவக் குறிப்பு மட்டும் எஞ்சும். நீதிமன்றத்தில் அந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் நிற்கும் என்பது அரசு வழக்கறிஞர்களுக்குத் தெரியும்.

மருத்துவமனையிலேயே மது வேறொரு வகையிலும் தீங்கு செய்கிறது. தலையில் அடிபட்டவரின் மயக்கம் மூளைக் காயத்தால் வந்ததா, போதையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். பேச்சுக் குழறல், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை இரண்டுக்கும் பொதுவான அறிகுறிகள். ‘குடித்துவிட்டுக் கிடக்கிறான், தெளிந்துவிடும்’ என்று உறவினர்கள் வீட்டில் படுக்க வைத்துவிட, உள்ளே இரத்தக் கசிவு பெருகி விடிவதற்குள் உயிர் போவதும் நேர்கிறது. அந்த மரணம் எந்த விபத்துப் பட்டியலிலும் உரிய இடத்தில் சேர்வதில்லை.

ஒரு குவார்ட்டரும் எட்டு மணி நேரமும்

மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது. இந்த எண் பலருக்கும் தெரியும்; அது எவ்வளவு சிறியது என்பது தெரிவதில்லை.

கடைகளில் விற்கும் குவார்ட்டர் என்பது 180 மில்லிலிட்டர். அதில் மதுவின் அடர்த்தி 42.8 விழுக்காடு. எடையாகப் பார்த்தால் தூய மது சுமார் 60 கிராம். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் இதை முழுவதும் அருந்தினால், வழக்கமான கணக்கீட்டின்படி அவரது இரத்தத்தில் மதுவின் அளவு 150 மில்லிகிராமை நெருங்கும். சட்ட வரம்பைப் போல் ஐந்து மடங்கு. ஆளுக்கு ஆள், உண்ட உணவுக்கு ஏற்ப இது கூடலாம், குறையலாம். பெண்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் இன்னும் அதிகமாகவே ஏறும்.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் குறைப்பது ஏறத்தாழ 15 மில்லிகிராம். ஆகவே 150 என்பது 30-க்கு இறங்க எட்டு மணி நேரம் வேண்டும். இரவு 10 மணிக்குக் குடித்து முடித்தவர் காலை 5 மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாலும் அவரது இரத்தத்தில் 45 மில்லிகிராம் வரை மது மிச்சம் இருக்கும். அவருக்குப் போதை தெரியாது. உடன் வருபவர்களுக்கும் தெரியாது. மூச்சுச் சோதனைக் கருவிக்கு மட்டும் தெரியும். எலுமிச்சைச் சாறோ, மோரோ, குளிர்ந்த நீரோ, சூடான காபியோ இந்தக் கணக்கில் ஒரு மில்லிகிராமையும் கழிப்பதில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. குறுக்கே வந்த மாட்டைக் கண்டு பிரேக்கை மிதிக்க அரை விநாடி தாமதமானால் எட்டு மீட்டருக்கும் மேல் கைவிட்டுப் போகிறது. மது முதலில் தாக்குவது காலையோ கையையோ அன்று; இடைவெளியையும் வேகத்தையும் மதிப்பிடும் ஆற்றலையும், ‘என்னால் முடியாது’ என்று சொல்லும் தயக்கத்தையும்தான். குடித்தவர் தன்னம்பிக்கையோடு ஓட்டுகிறார் என்பதே அவரிடம் உள்ள பெரிய ஆபத்து.

காத்திருப்பின் ஆபத்து

சித்தூர், திருப்பதிச் சாலைகளுக்கு வேறெங்கும் காணாத ஓர் இயல்பு உண்டு. திருமலைக்கு நாள்தோறும் 60,000-க்கும் மேற்பட்டோர் வருகின்றனர். சென்னையிலிருந்து புத்தூர் வழியாகவும், வேலூர், காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகவும், பெங்களூரிலிருந்து முல்பாகல், பலமநேர் வழியாகவும் வேன்களும் கார்களும் பெரும்பாலும் இரவில் ஓடுகின்றன. விடியற்காலையில் பக்தர்கள் இறங்குகின்றனர். அதன் பிறகு தரிசன வரிசை. சில நாட்களில் அது 10 மணி நேரம், சில நாட்களில் 20 மணி நேரம்.

அந்த நேரமெல்லாம் ஓட்டுநர் என்ன செய்கிறார்? பக்தர்களுக்கு அறை உண்டு, கூடம் உண்டு, அன்னப்பிரசாதம் உண்டு. ஓட்டுநருக்கு அவரது இருக்கையே படுக்கை. திருமலையில் மது முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது. ஆனால் பல வாகனங்கள் பயணிகளை இறக்கிவிட்டு அடிவாரத்துக்கு வந்துவிடுகின்றன. இரவெல்லாம் ஓட்டிய களைப்பு, எப்போது அழைப்பு வரும் என்று தெரியாத நிலை, கையில் அன்றைய படிப்பணம். பெரும்பாலான ஓட்டுநர்கள் தூங்கி எழுந்து ஒழுங்காக வண்டியை எடுக்கின்றனர் என்பதில் ஐயமில்லை. இந்தத் தொழிலில் இருப்போரை ஒட்டுமொத்தமாகக் குடிகாரர்கள் என்பது அநியாயம். ஆனால் தூங்குவதற்காக ஒரு குவார்ட்டர் என்ற பழக்கத்துக்கு இதைவிட வசதியான சூழல் இருக்க முடியாது. அந்த ஒருவரின் பின்னால் 12 பேர், மொட்டையடித்த குழந்தைகளோடு, ஊர் திரும்பும் நிம்மதியில் கண்ணயர்ந்திருப்பர்.

மாம்பழப் பருவத்திலும் இதே காத்திருப்புதான். சித்தூரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. விலை சரிந்த ஆண்டுகளில் அந்த வரிசை நாள் கணக்கில் நீள்கிறது. பின்விளக்கு இல்லாத டிராக்டர், இருட்டு, அலுப்பு, அருகில் ஒரு பெல்ட் கடை. வேறு விளக்கம் தேவையில்லை.

மலைப்பாதைகளும் பிழை பொறுப்பவை அல்ல. பெங்களூர்ச் சாலையில் பங்காருபாளையத்தை அடுத்த மொகிலி மலைப்பாதையில் 2024 செப்டம்பர் 13 அன்று அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தனர். சந்திரகிரியை அடுத்த பாக்கராபேட்டை மலைப்பாதையில் 2022 மார்ச் இறுதியில் நிச்சயதார்த்தத்துக்குச் சென்ற பேருந்து பள்ளத்தில் கவிழ்ந்தது. இந்த இரண்டையும் மதுவின் கணக்கில் எழுதுவதற்கில்லை. தெளிந்த கண்ணோடு ஓட்டுபவரையே சோதிக்கும் வளைவுகள் அவை என்பதைச் சொல்லவே இங்குக் குறிப்பிட நேர்ந்தது. இதே சாலைகளின் ஓரத்தில்தான் ராயலசீமையிலிருந்தும் வட தமிழகத்திலிருந்தும் பாதயாத்திரையாக வருவோர், வெயிலுக்கு அஞ்சி இரவில் நடக்கின்றனர்.

பத்தாயிரம் ரூபாயும் பத்து ஆண்டுகளும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு 2019-இல் கடுமையாக்கப்பட்டது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பு முதல் குற்றத்துக்கான அபராதம் 2,000 ரூபாயாக இருந்தது. இது சாலையிலேயே பணம் கட்டி ரசீது பெற்றுத் தப்பும் குற்றம் அன்று. நீதிமன்றத்தில் நின்றே ஆக வேண்டும். ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்றும், முதல் குற்றத்துக்கே சிறைத் தண்டனை கோர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வாகனம் ஓட்டி வாழ்பவருக்கு அபராதத்தைவிட உரிமம் இழப்பதே பெரிய தண்டனை. நடைமுறையில் பலரும் அபராதத்தோடு தப்பிவிடுகின்றனர் என்பதே பரவலான அனுபவம்.

உயிர் போய்விட்டால் கதை வேறு. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் இரண்டு ஆண்டுச் சிறையே உச்சம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்தியது. ஆனால் குடித்திருந்த ஓட்டுநர்களுக்கு எதிராக 105-ஆவது பிரிவு, அதாவது கொலையாகாத மரணம் விளைவித்தல், பயன்படுத்தப்படக்கூடும். அதில் பத்து ஆண்டு வரை சிறை உண்டு.

இதற்கு வழிகாட்டியவை இரண்டு பழைய வழக்குகள். 1999 ஜனவரியில் டெல்லியில் பி.எம்.டபிள்யூ. கார் மோதி ஆறு பேர் இறந்த வழக்கிலும், 2006 நவம்பரில் மும்பை கார்ட்டர் சாலையில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் ஏழு பேர் இறந்த வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு ஓட்டினால் உயிர்ச்சேதம் நேரும் என்ற அறிவு ஓட்டியவருக்கு இருந்திருக்கிறது என்பதே இரண்டின் சாரம். வெறும் அலட்சியம் என்று அதைக் கடந்துவிட முடியாது என நீதிமன்றம் கருதியது. ஆயினும் கிடைத்த சிறைவாசம் இரண்டு, மூன்று ஆண்டுகளே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வழக்குகள் அனைத்தும் ஒரு புட்டி இரத்தத்தின் மீது நிற்கின்றன. 2024 மே 19 அன்று புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் சொகுசுக் கார் மோதி இரு இளம் பொறியாளர்கள் இறந்தபோது, சிறுவனின் இரத்த மாதிரியே மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டில் அரசு மருத்துவர்கள் கைது செய்யப்பட்டனர். அங்கு பணபலம் இருந்ததால் அது தேசியச் செய்தியாயிற்று. சிற்றூர்களில் மாதிரியை மாற்ற வேண்டிய தேவையே எழுவதில்லை. எடுக்காமல் விட்டாலே போதும். 185-ஆவது பிரிவின்கீழ்க் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிடில் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் எனச் சட்டமே கூறுகிறது. மொகிலி போன்ற மலைப்பாதையில் நள்ளிரவில் விபத்து நடந்து, போக்குவரத்தைச் சீர்செய்து, காயமடைந்தவர்களை அனுப்பி, ஓட்டுநரைத் தேடிப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க இரண்டு மணி நேரம் போதுமா என்பதைச் சாலையில் பணிபுரியும் காவலர்களே சொல்ல வேண்டும்.

காப்பீடு கைவிடும் இடம்

தண்டனையைவிட நீண்டகாலம் துரத்துவது பணம். சொந்த வாகனச் சேதத்துக்கான காப்பீடு, ஓட்டியவர் குடித்திருந்தால் கிடைக்காது. மூச்சுச் சோதனையோ இரத்தச் சோதனையோ நடக்காதபோதும், பிற சான்றுகளைக் கொண்டு காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம் என 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ‘சோதனையே எடுக்கவில்லையே’ என்ற வாதம் குற்றவியல் வழக்கில் காப்பாற்றலாம், காப்பீட்டில் காப்பாற்றாது.

பாதிக்கப்பட்ட மூன்றாம் தரப்பினருக்கு நிலைமை சற்று ஆறுதலானது. திருத்தப்பட்ட சட்டம் மதுபோதையை நிபந்தனை மீறலாகக் காப்பீட்டு நிறுவனங்கள் முன்வைக்க இடம் தருகிறது. ஆனாலும் முதலில் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைச் செலுத்திவிட்டு, பின்னர் வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்ற வழியையே நீதிமன்றங்கள் காட்டுகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் இதைத் தெளிவாகச் சொன்னது.

‘பின்னர் வசூலித்துக்கொள்ளலாம்’ என்ற சொற்கள் யாரை நோக்கி வருகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வேனைக் கடனில் வாங்கி, தானோ உறவினரோ ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விபத்தில் வேன் நொறுங்கிவிட்டது. அதற்குக் காப்பீடு இல்லை. கடன் தவணை நிற்கவில்லை. ஓட்டியவர் சிறையிலோ மருத்துவமனையிலோ இருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, இறந்தவரின் குடும்பத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகையை வட்டியோடு கேட்டு நோட்டீஸ் வருகிறது. வீடு, நிலம் எதுவாயினும் பற்றுகைக்கு உள்ளாகும். இந்தச் சாலைகளில் பிடிபடும் பலருக்கும் 10,000 ரூபாய் அபராதம்தான் விளைவு என்ற எண்ணமே இருக்கிறது.

விற்பவரும் தடுப்பவரும் ஒருவரே

ஆந்திராவில் 2019-க்குப் பின் மதுக்கடைகளை அரசே நடத்தியது, விலை உயர்ந்தது. அதன் விளைவாக எல்லை மாவட்டமான சித்தூரிலிருந்து தமிழகத்துக்கும் கர்நாடகத்துக்கும் மக்கள் மதுவைத் தேடிச் சென்றனர். குடிப்பதற்காகவே இருசக்கர வாகனத்தில் எல்லை தாண்டிச் சென்று திரும்புவது என்பது, குடிபோதை ஓட்டத்தைத் தானே வரவழைத்துக்கொள்வதுதான். ஆட்சி மாறியபின் 2024 அக்டோபர் 16 முதல் 3,396 தனியார் கடைகள் திறக்கப்பட்டன. குலுக்கலுக்கு வந்த விண்ணப்பக் கட்டணம் மட்டுமே சுமார் 1,800 கோடி ரூபாய். 99 ரூபாய்க்குக் குவார்ட்டர் என்பது அறிவிப்பின் கவர்ச்சி. கடைகள் காலை 10 முதல் இரவு 10 வரை இயங்குகின்றன.

இப்போது காட்பாடியை அடுத்த கிறிஸ்டியான்பேட்டை எல்லையில் போக்கு திசை மாறியிருக்கலாம். சாலையில் ஓடும் போதையின் அளவு குறைந்திருக்கும் என நம்புவதற்குக் காரணமில்லை. போதாக்குறைக்கு, பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முலகலச்செருவில் 2025 அக்டோபரில் போலி மது ஆலையே பிடிபட்டது. அத்தகைய புட்டியில் எவ்வளவு மது, என்ன மது என்பது குடிப்பவருக்குத் தெரியாது. முன்னர் சொன்ன எட்டு மணி நேரக் கணக்கும் அங்கே செல்லாது.

நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தமிழகத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் கே.பாலுவின் பெயரால் அறியப்படும் வழக்கில் வந்தது. நாடு முழுவதும் அதிர்ந்த தீர்ப்பு அது. மூன்றரை மாதத்துக்குள், 20,000-க்கும் குறைந்த மக்கள்தொகை உள்ள இடங்களில் தூரம் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் அளிக்கப்பட்டது. சில மாநிலங்கள் நெடுஞ்சாலையின் வகைப்பாட்டையே மாற்றிக்கொண்டன. கடை 220 மீட்டர் உள்ளே போனால், ஓட்டுநர் 220 மீட்டர் கூடுதலாக வண்டி ஓட்ட வேண்டும். அவ்வளவே நடந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மதுவை விற்று வருவாய் ஈட்டும் அரசே, குடித்தவரைச் சாலையில் நிறுத்தி அபராதமும் வசூலிக்கிறது. இதில் முரண் இருப்பதால் சோதனை தேவையில்லை என்றாகிவிடாது. ஆனால் சோதனை எப்போது நடக்கிறது என்பது முக்கியம். நகரச் சந்திப்புகளில், வார இறுதி மாலைகளில், கடை மூடும் நேரத்தை ஒட்டி நடக்கும் சோதனைகளில் பிடிபடுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர் இருசக்கர வாகன ஓட்டிகள். அதுவும் தேவைதான், 2022-இல் நாட்டின் சாலை மரணங்களில் 44.5 விழுக்காடு இருசக்கர வாகனங்களில் சென்றோருடையது. ஆனால் சின்னடேகூரு விபத்து நடந்தது அதிகாலையில். இரவு குடித்த குவார்ட்டர் இரத்தத்தில் இன்னும் 45 மில்லிகிராமாக நிற்பதும் அதிகாலையில். வெளியூர் வேன்கள் அடிவாரத்தை விட்டுப் புறப்படுவதும், பால் வண்டிகளும் தக்காளி லாரிகளும் விரைவதும் அதே வேளையில்.

ஜப்பானில் 2007 முதல், குடித்தவருக்கு வாகனம் கொடுத்தவரும், ஓட்டப்போகிறார் என்று தெரிந்தே மது ஊற்றிக் கொடுத்தவரும், அவரோடு பயணம் செய்தவரும் தண்டனைக்கு உரியவர்கள். இந்தியச் சட்டத்திலும் 188-ஆவது பிரிவு, குடிபோதை ஓட்டத்துக்குத் துணைபோவதைக் குற்றமாக்குகிறது. அப்பிரிவைச் சுற்றுலா நிறுவன உரிமையாளர் மீதோ, ஓட்டுநருக்கு ஓய்வு தராத முகவர் மீதோ பயன்படுத்திய செய்தியைக் காண்பது அரிது.

ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைகளில், பணி ஏற்கும் ஓட்டுநர் மூச்சுச் சோதனைக்கு உட்பட்ட பிறகே பேருந்தை எடுக்கிறார். தனியார் வேனுக்கோ வாடகைக் காருக்கோ பணிமனையும் இல்லை, கேட்க மேற்பார்வையாளரும் இல்லை. ஆனால் திருமலைக்குச் செல்லும் ஒவ்வொரு வாகனமும் அலிபிரியில் நின்றே ஆக வேண்டும். மது, இறைச்சி, புகையிலை இருக்கிறதா என்று பைகள் சோதிக்கப்படுகின்றன. மலைப்பாதையில் ஏறுவதற்கு 28 நிமிடம், இறங்குவதற்கு 40 நிமிடம் எனக் குறைந்தபட்ச நேரமும் வகுக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்பே வந்துசேரும் ஓட்டுநர் கேள்விக்கு உள்ளாகிறார். பையைத் திறந்து பார்க்கும் அதே வரிசையில் ஓட்டுநரைக் கருவியில் ஊதச் சொல்ல சில விநாடிகள் கூடுதலாகும்.